மறுவும் மாமையும்

“மாசு மறுவற்ற முகம்!”

மூன்றே சொற்கள். இவற்றைப் பாடிப் பரிசில் பெற்றோர் உண்டு. மேடையிலே முழங்கிக் கைதட்டல் பெற்றோர் உண்டு. இன்று இவற்றைச் சிமிழிலே அடைத்து விற்றுப் பொருள் குவிப்போரும் உண்டு. பாட்டிலே பிறந்து, பட்டிமன்றத்திலே வளர்ந்து, கடைத்தெருவிலே விலைபோகும் இந்தச் சொற்றொடரைத்தான் இந்த வாரம் திறனாய்வுக்கு எடுத்துக்கொள்கிறோம்.

“காவியத்தைத் திறனாயலாம், கவிதையைத் திறனாயலாம், முகப்பூச்சு விளம்பரத்தையுமா?” என்று புலவர் பெருமக்கள் சிலர் புருவத்தை நெரிக்கக்கூடும். நெரிக்கட்டும்! நம் மக்கள் நாள்தோறும் படிக்கும் இலக்கியம் எது? கபிலரா? கம்பரா? இல்லை, தோழர்களே! சுவரிலும் திரையிலும் கைப்பேசியின் சின்னஞ்சிறு கண்ணாடியிலும் நொடிக்கொரு முறை மின்னி மறையும் விளம்பரமே அவர்கள் ஓயாது படிக்கும் இலக்கியம். அதற்கும் அணியுண்டு, நடையுண்டு, உட்பொருள் உண்டு. அந்த உட்பொருள் முகத்தை எரித்து, சிறுநீரகத்தையும் அரிக்கும்போது, அதைத் திறனாயாமல் வேறு எதைத் திறனாய்வது?

செட்டிநாட்டு மண்ணிலே நின்று இதைப் பேசுகிறோம். காரைக்குடி, 1939 முதல் கம்பருக்கு விழா எடுத்துவரும் ஊர். மதிமுகமும் மலர்முகமும் ஆண்டுதோறும் அரங்கேறும் ஊர். அதே ஊரிலேதான் வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் ஈந்து வரவழைத்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், 1953 சனவரி 14ஆம் நாள் திறக்கப்பட்டது. ஒருபுறம் பாட்டு, மறுபுறம் சோதனைக்குழாய். முகத்தின் மறுவைப் பற்றிப் பேச இரண்டும் வேண்டும். பாட்டை மட்டும் கேட்டால் மயங்குவோம். சோதனைக்குழாயை மட்டும் நோக்கினால், மயங்கியவர் ஏன் மயங்கினர் என்பதை அறியமாட்டோம்.

மறுவுக்கு மூன்று வணிகர்

நாற்பதைக் கடந்த பெண்ணொருத்தியின் கன்னத்திலே காசளவு கருநிழல் படிகிறது என்று வைத்துக்கொள்வோம். வலியில்லை, அரிப்பில்லை, காய்ச்சலில்லை. அவளுக்கு அதனால் ஒரு குறையுமில்லை. ஆனால் ஊருக்கு இருக்கிறதே! “என்ன ஆச்சி, முகத்திலே மங்கு விழுந்துவிட்டதே!” என்று முதற்குரல் எழும். அந்தக் குரல் எழுந்ததும் மூன்று வணிகர் அவள் வாயிலில் வந்து நிற்பர்.

முதல்வர் சோதிடர். மங்கு என்ற சொல் காதில் விழுந்ததுமே அவருக்கு மங்கு சனி நினைவுக்கு வரும். எண்ணெய் விளக்குக்கும் எள் பொட்டலத்துக்கும் வழி பிறக்கும். முகத்திலே எங்கே புள்ளியிருந்தால் என்ன பலன் என்று மச்ச சாத்திரப் புத்தகத்தைப் புரட்டுவார். கோடிக்கணக்கான கல் தொலைவில் சுற்றும் கோளுக்கு, கொல்லைப்புறத்திலே நெல் காயவைக்கும் பெண்ணின் கன்னத்திலே மை பூசுவதுதான் வேலை போலும்!

இரண்டாமவர் திருமணத் தரகர். சீர்வரிசைச் சாமான்களை வளவு நிறையப் பரப்பி, ஊரார் பார்க்க வைத்துப் பழகிய நாடு இது. வெள்ளிக் குடத்திலே கீறல் உண்டா என்று பார்க்கும் அதே கண், மணப்பெண்ணின் முகத்திலே புள்ளி உண்டா என்றும் பார்க்கிறது. குடத்துக்கு எடை, பெண்ணுக்கு நிறம்! இந்த அநியாயத்துக்குப் பெயர் சம்பிரதாயம். இணையத்திலே மணமக்களைத் தேடித் தரும் பெருநிறுவனம் ஒன்று, தோலின் நிறத்தை வைத்துச் சலித்தெடுக்கும் சல்லடையை 2020இலேதான், அதுவும் எதிர்ப்புக் குரல் எழுந்த பின்புதான், நீக்கியது என்றால், அந்தச் சல்லடை எத்தனை வீட்டுக் கூடத்திலே இன்னும் தொங்குகிறது என்று எண்ணிப் பாருங்கள்.

மூன்றாமவர் முகப்பூச்சு வணிகர். முதலிருவரும் உழுது வைத்த நிலத்திலே விதைத்து அறுப்பவர் இவரே. சோதிடர் அச்சத்தை விதைத்தார், தரகர் வெட்கத்தை விதைத்தார், இவர் அவ்விரண்டையும் கலந்து குழைத்து, மணமூட்டி, மூடிபோட்டு, “ஏழே நாளில்!” என்று எழுதி ஒட்டுகிறார்.

புள்ளியின் பொருள்

அந்தப் புள்ளிதான் என்ன?

நம் தோலிலே நிறமணுக்கள் உண்டு. அவை மெலனின் என்னும் கருநிறப் பொருளைச் செய்து, பக்கத்து அணுக்களுக்கு வழங்குகின்றன. பெற்றுக்கொண்ட அணு அதை என்ன செய்கிறது தெரியுமா? தன் உட்கருவின் தலைமேலே குடைபோல் கவித்துக்கொள்கிறது! வெயிலின் புற ஊதாக்கதிர் உயிர்க்குறிப்பைக் கிழித்துவிடாமல் காக்கும் குடை அது. கருமை குற்றமென்று சொன்னவர்கள், குடையைக் குற்றமென்று சொன்னவர்களாவர்.

ஆண்டுக்கணக்கில் வெயில் படப்பட, நெற்றி, கன்னம், புறங்கை முதலிய இடங்களிலே நிறம் திட்டுத்திட்டாகத் தங்கிவிடுகிறது. இதுவே முதுமைப் புள்ளி. மேலைநாட்டார் இதைக் கல்லீரற் புள்ளி என்று நெடுங்காலம் அழைத்தனர். கல்லீரலுக்கும் இதற்கும் எள்ளளவும் தொடர்பில்லை. மூடநம்பிக்கை நமக்கு மட்டும் சொந்தமன்று என்பதற்கு இதுவொரு சான்று! நம் பெண்களின் கன்னத்திலே படரும் மங்கு இதற்கு உறவானது, ஆனால் ஒன்றன்று. வெயிலோடு, கருவுற்ற காலத்து உடல் மாற்றமும், கருத்தடை மாத்திரையும், குடும்பவழி இயல்பும் சேர்ந்து அதை உண்டாக்குகின்றன. கண்ணைச் சுற்றியும் கன்னத்திலும் மிளகுபோல் முளைக்கும் சிறு கரும்பருக்களோ வேறொரு வகை, தீங்கற்றவை.

எல்லாக் கருமையும் ஒன்றல்ல என்பதை அறிவதே முதற்பாடம். கழுத்தின் பின்னும் பக்கங்களிலும் பட்டுத்துணிபோல் தடித்துக் கறுப்பதைப் பலர் அழுக்கென்று எண்ணிப் பீர்க்கங்கூடு கொண்டு தேய்க்கின்றனர். தேய்த்துப் போகாது! உடலிலே இன்சுலின் சரிவர வேலை செய்யவில்லை, நீரிழிவு நெருங்கலாம் என்று தோல் எழுதிக் காட்டும் எச்சரிக்கை அது. படிக்க வேண்டிய கடிதத்தை அழிக்க முயல்வது அறிவுடைமையா? அதுபோலவே, ஒரு புள்ளி திடீரென வளர்ந்தாலும், விளிம்பு கோணலானாலும், ஒரே புள்ளியிலே பல நிறம் கலந்தாலும், குருதி கசிந்தாலும், பூச்சுக்கடைக்குப் போகும் நேரமன்று அது; மருத்துவரிடம் விரைய வேண்டிய நேரம்.

நிலவின் களங்கம்

இனி இலக்கியத்துக்கு வருவோம். முகத்தை நிலவென்றவர்கள், நிலவிலே களங்கம் கண்டு துணுக்குற்றார்கள். தக்கன் சாபத்தால் தேய்ந்தான் என்றொரு கதை. மடியிலே முயலை வைத்திருக்கிறான் என்று மற்றொரு கதை. வள்ளுவரின் நலம் புனைந்துரைத்தல் அதிகாரத்திலே காதலன் ஒருவன், தேய்ந்து வளரும் திங்களுக்கு இருப்பதுபோல் என்னவள் முகத்துக்குக் கறையும் உண்டோ என்று வியந்து கேட்கிறான். அழகான கேள்வி! ஆனால் கேட்டவன் யார்? காதலால் கண் மயங்கிய இளைஞன். அவன் மயக்கத்திலே சொன்னதைப் பிற்காலப் புலவர் கூட்டம் இலக்கணமாக்கியது. வணிகர் கூட்டம் சட்டமாக்கியது. காதலன் வாக்குக் காதலிக்கு இனிக்கும். அதை ஊருக்கெல்லாம் அளவுகோலாக நீட்டியது யார் குற்றம்?

நிலவின் கதையையும் முடித்துவிடுவோம். 1610இல் கலிலியோ தம் தொலைநோக்கியிலே கண்டதை நூலாக வெளியிட்டார். நிலவு பளிங்கு உருண்டையன்று, மலையும் பள்ளமும் சமவெளியும் கொண்ட நிலம் என்றார். களங்கம் என்று கண்ணுக்குத் தோன்றுபவை, முந்நூறு கோடி ஆண்டுகளுக்கும் முன்பு பொங்கி உறைந்த எரிமலைக் குழம்பின் சமவெளிகள். 1969 சூலை 20ஆம் நாள் மனிதன் முதன்முதலாக நிலவிலே இறங்கியபோது எங்கே இறங்கினான்? அமைதிக் கடல் என்னும் கருஞ்சமவெளியிலே! கவிஞர் களங்கமென்று கைகாட்டிய அந்தக் கரும்பகுதியிலேதான் மனிதன் காலை ஊன்றினான். அறிவு வளர்ந்தால் களங்கமும் களமாகும்.

மாமை என்னும் மறந்த சொல்

“தமிழன் என்றுமே வெள்ளைத் தோலுக்கு ஏங்கியவன்தானே?” என்று சிலர் நகைப்பர். அவர்கள் சங்க நூலைப் புரட்டவில்லை. பெண்ணின் அழகுநிறத்துக்குச் சங்கப் புலவர் வைத்த பெயர் மாமை. மாந்தளிரின் மினுமினுப்பு, கருமையின் கனிவு. வெளுப்புக்கு அவர்கள் வைத்த பெயரோ பசலை. அது பிரிவினால் வரும் நோய்! திருக்குறளிலே ஓர் அதிகாரமே அந்த நோய்க்காக உண்டு. குறுந்தொகையின் 27ஆம் பாடலிலே வெள்ளிவீதியார், தம் மாமையைப் பசலை தின்றுவிட்டதென்று புலம்புகிறார். கன்றின் வயிற்றுக்கும் போகாமல், கறவைக்கலத்திலும் விழாமல் மண்ணிலே வீணான பாலைப்போல் தம் நிறம் வீணாயிற்று என்கிறார். உற்று நோக்குங்கள்: சங்கப்பெண் வெளுத்தாள் என்றால், தோழி அவளுக்காகக் கலங்கினாள். இன்றைய பெண் வெளுத்தாள் என்றால், தோழி பூச்சின் பெயரைக் கேட்கிறாள்! நோயை நலமாக்கி, நலத்தை நோயாக்கிய இந்தத் தலைகீழ் மாற்றம் தானாக நிகழ்ந்ததா?

இன்னொரு சொல்லையும் நினைவூட்டுவோம். சுணங்கு. இளம்பெண்ணின் மேனியிலே பொன்துகள்போல் பரவும் தேமற்புள்ளி. அதைச் சங்கப்புலவர் ஒளித்தாரில்லை. வேங்கைப்பூ உதிர்ந்ததுபோல் என்று பாடினர். மேனியிலே புள்ளி இருப்பதே அழகின் அடையாளமாக இருந்த காலம் தமிழிலக்கியத்திலே உண்டு. ஆனால் நேர்மையாகச் சொல்ல வேண்டும்: சுணங்கு இளமையின் புள்ளி, முதுமையின் புள்ளியன்று. எனவே, ‘சங்கத்தமிழர் முதுமைப் புள்ளியையும் பாடினர்’ என்று பொய்ப்பெருமை பேசமாட்டோம். பழையது என்பதற்காகவே ஒன்றைச் சரியென்று கொள்வதும் நம் வழக்கமன்று. நாம் காட்ட விரும்புவது ஒன்றே: மறுவற்ற வெண்முகமே அழகென்பது இயற்கைச் சட்டமன்று, தொன்றுதொட்ட தமிழ்ச்சட்டமுமன்று. மனிதர் இடையிலே செய்தது. செய்ததை மாற்றவும் மனிதரால் முடியும்.

முதுமையைப் பாடவே இல்லையா? பாடினர். புறநானூற்றின் 278ஆம் பாடலிலே காக்கைபாடினியார் நச்செள்ளையார் ஒரு மூதாட்டியைக் காட்டுகிறார். அவள் தோள் வற்றியிருக்கிறது, நரம்பு புடைத்திருக்கிறது. புலவர் அந்த நரம்பின்மேல் பூச்சு எதையும் பூசவில்லை. அவளுக்குப் பெருமை அவள் முகத்தின் மென்மையால் வரவில்லை. அவள் நெஞ்சின் திண்மையால் வந்தது. அந்தப் பாடலை வகுப்பிலே நெட்டுருப் போட்டுவிட்டு, வீட்டிலே பாட்டியின் புறங்கைப் புள்ளியைக் கண்டு முகம் சுளிப்பது என்ன படிப்பு?

சிமிழுக்குள் இருப்பது

இனிச் சோதனைக்குழாயைக் கையிலெடுப்போம். ‘ஏழே நாளில்’ என்ற அணியை முதலில் உடைப்போம். நம் மேல்தோல் தன்னைப் புதுப்பித்துக்கொள்ள ஏறத்தாழ ஒரு மாதமேனும் ஆகும். முறையான மருந்து நிறத்தைக் குறைக்க இரண்டு மூன்று திங்களாகும். பின், ஏழு நாளில் வெளுக்கச் செய்யும் மாயம் எது? இரண்டு பொருள்களின்மேல் ஐயம் எழுகிறது. ஒன்று ஸ்டீராய்டு, மற்றொன்று பாதரசம்.

ஸ்டீராய்டு பூச்சு, தோலின் நுண்குழாய்களைச் சுருக்குகிறது. குருதியோட்டம் குறைந்து தோல் வெளுத்துத் தோன்றுகிறது. மருத்துவர் கையிலே அது நல்ல மருந்து. படைக்கும் சொறிக்கும் முகப்பொலிவுக்கும் ஒருங்கே கடைக்காரர் எடுத்து நீட்டும்போது கொடிய எதிரி. தொடர்ந்து பூசினால் தோல் மெலிகிறது, செங்கோடுகள் தெரிகின்றன, பருவும் மயிரும் முளைக்கின்றன. நிறுத்தினாலோ முகம் தீயாய் எரிகிறது! எரிகிறதே என்று மீண்டும் பூசுகின்றனர். கள்ளுக்கு அடிமையானதுபோல் முகம் பூச்சுக்கு அடிமையாகிறது. இந்தச் சிதைவுக்கு 2008இலேயே கல்கத்தா மருத்துவர்கள் ‘ஸ்டீராய்டால் சிதைந்த முகம்’ என்று பெயரிட்டு எச்சரித்தனர். 2018இல் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு பூச்சுகளை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாது என்று ஆணையிட்டது. ஆணை அரசிதழிலே இருக்கிறது. சிமிழ் கடைத்தட்டிலே இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே நிற்க வேண்டியவர் நாம்.

பாதரசம் இன்னும் கொடிது. மெலனினைச் செய்யும் நொதியிலே செம்பு உண்டு. பாதரசம் அந்த நொதியைச் செயலிழக்கச் செய்கிறது. நிறம் குறையும்; ஆனால் பாதரசம் தோலோடு நிற்பதில்லை, உள்ளே இறங்குகிறது. அண்டைநாடான கேரளத்திலே, மலப்புரம் மாவட்டத்துக் கோட்டக்கல் மருத்துவர்கள் 2021 சூலை முதல் 2023 செப்டம்பர் வரை சிறுநீரகச் சவ்வு நோயுற்ற 22 பேரை ஆய்ந்தனர். அவர்களுள் 15 பேரிடம் அரிதான ஒருவகை நோய் காணப்பட்டது. அப்பதினைவரில் 13 பேர் முகத்தை வெளுப்பாக்கும் பூச்சைப் பயன்படுத்தியவர்கள்! முகத்திலே பூசியது சிறுநீரிலே புரதமாக வெளியேறியது. காலிலே வீக்கமாக நின்றது. பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கை 2013இல் நிறைவேறியது. 2018இல் இந்தியா அதை ஏற்றது. அழகுப்பொருள்களிலிருந்து பாதரசத்தை 2025க்குள் அறவே நீக்கவேண்டும் என்று 2023இல் உலக நாடுகள் கூடி முடிவு செய்தன. மீன் உண்டு நஞ்சேறிய சப்பானிய ஊரின் பெயரால் அமைந்த உடன்படிக்கை, நம் வீட்டுக் கண்ணாடிமுன் இருக்கும் சிமிழையும் பற்றியது என்பதை எத்தனை பேர் அறிவர்?

“பெயரில்லாச் சிமிழை விடுங்கள், பெரிய நிறுவனத்துப் பொருளை நம்பலாமே” என்பீர். சப்பானிலே கானெபோ என்னும் பெருநிறுவனம், அரசின் ஒப்புதல் பெற்ற ரோடோடெனால் என்னும் பொருளைச் சேர்த்துப் பூச்சு விற்றது. 2013இல் அதைத் திரும்பப் பெற்றது. ஏன்? 19,000க்கும் மேற்பட்டோர் தோலிலே வெண்திட்டுகள் தோன்றின! புள்ளியை நீக்கப் போனவர்கள், வேறு புள்ளி பெற்று வந்தார்கள்.

இந்தத் தொழிலின் பிறப்புக் கதையே நெஞ்சைச் சுடுவது. 1939இல் அமெரிக்கத் தோல் தொழிற்சாலையிலே இரப்பர்க் கையுறை அணிந்து உழைத்தவர்களின் கைகள் வெளுத்துப்போயின. காரணத்தைத் தேடினர். இரப்பர் கெடாதிருக்கச் சேர்த்திருந்த, ஹைட்ரோகுயினோன் குடும்பத்தைச் சேர்ந்த வேதிப்பொருள் என்று கண்டனர். உழைப்பாளியின் கையிலே நோயாகத் தோன்றியதைக் கண்டுதான், நிறம் நீக்கும் மருந்தென்னும் எண்ணமே வலுப்பெற்றது. ஒருவனுக்கு வந்த விபத்து, மற்றவனுக்கு வணிகம்!

1975இல் இரண்டு நிகழ்ந்தன. அமெரிக்க மருத்துவர் கிளிக்மேன், ஹைட்ரோகுயினோன், டிரெட்டினாய்ன், ஸ்டீராய்டு மூன்றையும் சேர்த்து ஒரு மருந்துக் கூட்டை வெளியிட்டார். அதே ஆண்டிலே இந்தியாவிலே ‘ஃபேர் அண்டு லவ்லி’ சந்தைக்கு வந்தது. முன்னது நோயாளிக்குக் குறிப்பிட்ட காலத்துக்குத் தரும் மருந்து. பின்னது நலமுடையோரையும் நோயாளியாக எண்ணவைத்த விளம்பரம். வெள்ளை முகம் பெற்றால் வேலை கிடைக்கும், வரன் கிடைக்கும் என்று அரைமணித்துளிக் கதைகளாலே கற்பித்தது. 2020இலே அது தன் பெயரிலிருந்து ‘ஃபேர்’ என்ற சொல்லை உதிர்த்து ‘குளோ’ என்று சூட்டிக்கொண்டது. சிவப்பு போய்ப் பொலிவு வந்தது! சொல் மாறியது, சொல்லின் நிழலில் நிற்கும் ஏளனம் மாறியதா என்பதே கேள்வி. அதே ஆண்டிலே, மாய மருந்து விளம்பரங்களைத் தடுக்கும் 1954ஆம் ஆண்டுச் சட்டத்திலே, தோலைச் சிவப்பாக்கும் வாக்குறுதியையும் சேர்க்க ஒரு வரைவு வெளியானது. சென்னையிலே 2009இல் பெண்கள் அமைப்பொன்று ‘கருமை அழகு’ என்னும் இயக்கத்தைத் தொடங்கியது. ஆக, குரல்கள் எழுந்துள்ளன. அவை வளவுக்குள்ளும் அடுக்களைக்குள்ளும் நுழையவேண்டும்.

வேண்டியவர் செய்யத்தக்கது

“அப்படியானால் மறுவை நீக்கவே கூடாதா? அதுவும் ஒரு கட்டளையா?” என்று இளந்தோழியர் கேட்கலாம். இல்லை! பெண்ணின் முகம் பெண்ணுக்கே சொந்தம். வைத்துக்கொள்வதும் அவள் உரிமை. மங்கச்செய்வதும் அவள் உரிமை. வெட்கத்தால் அன்றி விருப்பத்தால் செய்க. பொய்யால் அன்றி மெய்யறிந்து செய்க என்பதே நம் வேண்டுகோள்.

மெய் இதுதான். முதல் மருந்து நிழல். குடை, அகன்ற தொப்பி, முக்காடு. அடுத்தது, காப்பளவு முப்பதுக்குக் குறையாத வெயில்காப்புப் பூச்சு. வெளியில் நிற்போர் இரண்டு மணிக்கொரு முறை மீண்டும் பூசவேண்டும். மங்குடையோருக்கு இன்னுமொரு செய்தி. கண்ணுக்குத் தெரியும் ஒளியும் நம்மைப் போன்ற மாநிறத் தோலிலே மங்கை வளர்க்கிறது. அதைத் தடுப்பது இரும்பு ஆக்சைடு கலந்த நிறப்பூச்சு. ஆத்தங்குடிக் கைவினைஞர் கண்ணாடித் தட்டின்மேல் வார்க்கும் செந்நிறத் தரையோட்டுக்கு நிறம் தருவதும் அதே இரும்பு ஆக்சைடுதான்! தரைக்கு அழகு தரும் செம்மண் நிறம், முகத்துக்குக் காவலாகிறது.

கொண்டுவிற்கக் கப்பலேறிப் பர்மா சென்ற நகரத்தார், தேக்குத் தூண்களைக் கொண்டுவந்து வளவிலே நிறுத்தினர். அந்நாட்டுப் பெண்கள், தனகா என்னும் மரப்பட்டையைக் கல்லிலே அரைத்துக் கன்னத்திலே பூசிக்கொண்டு, அந்தப் பூச்சோடே கடைவீதியில் நடப்பதையும் அவர்கள் கண்டிருப்பர். வெயிலுக்குக் குளிர்ச்சி என்று வெளிப்படையாகப் பூசிய பூச்சு அது, எதையும் மறைப்பதற்கன்று. தேக்கைக் கொண்டுவந்த நாம், அந்த வெளிப்படையைக் கொண்டுவரவில்லை!

மருந்தால் மங்கச்செய்ய விரும்புவோர் தோல் மருத்துவரை நாடுக. அசெலாயிக் அமிலம், நயாசினமைடு, டிரெட்டினாய்ன் முதலியவை பொறுமையோடு பயன் தருவன. ஹைட்ரோகுயினோன் வலியது, சில திங்களுக்குமேல் தன்போக்கிலே பூசினால் நீலக்கருமை படிந்து நீங்காமல் நின்றுவிடலாம். உறைகுளிர் சிகிச்சையும் லேசர் ஒளியும் முதுமைப் புள்ளியை நீக்கவல்லன. எனினும் கருந்தோலின் இயல்பறியாதார் கையிலே அவை வெண்தழும்பையோ, முன்னினும் அடர்ந்த கருமையையோ விட்டுச்செல்லும். பாட்டி வைத்தியம் என்னாயிற்று என்பீர். அதிமதுரத்திலே நிறமாக்கும் நொதியைத் தடுக்கும் பொருளுண்டு என ஆய்வாளர் கண்டுள்ளனர், நல்லது. ஆனால் எலுமிச்சைச் சாற்றைத் தடவிக்கொண்டு வெயிலிலே போனால், சாற்றிலுள்ள பொருள் ஒளியோடு சேர்ந்து கொப்புளமும் கருந்தடமும் உண்டாக்கும். பழமையும் புதுமையும் ஒரே தேர்வைத்தான் எழுதவேண்டும். தேறியதை ஏற்போம், தவறியதைத் தள்ளுவோம்.

பிசிராந்தையார் தந்த விடை

இத்தனைக்கும் பிறகு ஒரு கேள்வி எஞ்சுகிறது. நிழலே முதல் மருந்து என்றோம். நிழல் யாருக்குக் கிடைக்கிறது? செட்டிநாட்டு மாளிகையின் முட்டைப்பூச்சுச் சுவர், நூறாண்டு கடந்தும் மறுவின்றி மின்னுகிறது என்று பார்த்தோர் வியக்கின்றனர். அந்தச் சுவரை வெயிலிலே நின்று இழைத்துத் தேய்த்தவர் முகம் மறுவின்றி இருந்திருக்குமா? கண்மாய்க்கரையிலே மண் சுமக்கும் பெண்ணுக்கும், களத்துமேட்டிலே மிளகாய் உலர்த்தும் பெண்ணுக்கும் வெயில்காப்புப் பூச்சின் விலை ஒருநாள் கூலியாகலாம். உழைப்பவள் முகத்திலே வெயில் எழுதுகிறது. உட்கார்ந்திருப்பவன் அதைப் படித்துவிட்டு அழகில்லை என்கிறான்! மறுவின்மேல் காட்டும் இழிவு, உண்மையிலே உழைப்பின்மேல் காட்டும் இழிவு. ‘சிவப்பு’ என்று விளம்பரம் விற்பது நிறத்தை மட்டுமன்று. வெயிலுக்குப் போகவேண்டாத வாழ்வின் அடையாளத்தை. வாழ்வைத் தராமல் அடையாளத்தை மட்டும் விற்பது மோசடி.

புறநானூற்றின் 191ஆம் பாடலிலே பிசிராந்தையாரைக் கேட்கின்றனர்: இத்தனை வயதாகியும் உமக்கு நரையில்லையே, எப்படி? அவர் எந்த எண்ணெயின் பெயரையும் சொல்லவில்லை; எந்த மூலிகையையும் காட்டவில்லை. வீட்டிலே நல்ல துணை, அறிவு நிரம்பிய மக்கள், மனமொத்த ஏவலர், தீமை செய்யாத அரசு, ஊரிலே பண்பட்ட சான்றோர் என்று அடுக்கினார். நரையின் உடற்கூற்றை அவர் அறிந்தாரில்லை; அறிவியல் நோக்கிலே அந்த விடை முழுமையன்று. ஆயினும் அதன் திசை எத்தனை நேர்த்தி! உடலின் அடையாளத்துக்கு விளக்கம் தேடியவர், சிமிழுக்குள் பாராமல் சமுதாயத்துக்குள் பார்த்தார்.

அந்தத் திசையிலே நாமும் நடப்போம். வேலைக்களத்திலே நிழற்பந்தலும் குடிநீரும் நடுப்பகல் ஓய்வும் கேட்போம். அரசு மருத்துவமனைகளின் தோல்நோய்ப் பிரிவை வெட்கமின்றி நாடும் பழக்கத்தை ஊரிலே உண்டாக்குவோம். படிப்பகந்தோறும் ஒரு மாலைப்பொழுதை ஒதுக்கி, வீட்டிலுள்ள பூச்சுச் சிமிழ்களைக் கொண்டுவரச் செய்து, திருப்பிப் படித்துக் காட்டுவோம்: செய்தவர் பெயருண்டா? சேர்மானம் எழுதியிருக்கிறதா? ஸ்டீராய்டின் பெயர் ஒளிந்திருக்கிறதா? பெயரில்லாத பூச்சுக்கு முகத்திலே இடமில்லை என்போம். நெடுநாள் ஸ்டீராய்டு பூசியவரைத் திடீரென நிறுத்தச் சொல்லாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம். பெண் பார்க்கப் போகும் வீட்டிலே, நிறத்தைப் பற்றி முதற்சொல் எழும்போதே எழுந்து நின்று மறுப்போம்.

இளைஞர்களே! நாளைக்கு உங்கள் தாயின் கன்னத்திலும் ஒரு மறு தோன்றும். அவர் உங்களிடம் மருந்து கேட்டால், நல்ல மருத்துவரைக் காட்டுங்கள். கேட்காவிட்டால், அது அவருக்குக் குறையன்று என்று அறிந்து மகிழுங்கள். ஆனால் “என்ன இப்படிக் கறுத்துவிட்டாய்!” என்று எவரேனும் கூசாமல் கேட்டால், கேட்டவர் கூசும்படி விடை சொல்லுங்கள். நிலவின் களங்கத்திலே கால் வைத்த தலைமுறை, மனித முகத்தின் மறுவைக் கண்டு பின்வாங்கலாமா?